அரை கிரவுண்டு வீடும் அதைச் சுற்றி நடக்கிற தூரமும்

2009 மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குச் சென்னைப் புறநகரான சிட்லபாக்கத்தில் இந்த வீட்டை முதல்முறை பார்த்தோம். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனிலிருந்து புரோக்கர் முன்னால் பைக்கில் போக, நானும் கணவரும் எங்கள் வண்டியில் பின்னால் போனோம். வாசலில் இறங்கியபோது மணி பார்த்தேன். ஏழு நிமிடம் ஆகியிருந்தது. "பத்து நிமிஷம்னு சொன்னேன், அதுக்குள்ள வந்துட்டோம் பாருங்க மேடம்" என்றார் புரோக்கர். அவர் பொய் சொல்லவில்லை. ஞாயிறு காலை, வண்டியில், ஏழு நிமிடம்தான். ஆனால் எங்கள் வீட்டில் ஆறு பேர். அதில் வண்டி ஓட்டுகிறவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. மீதி நாலு பேருக்கு அந்த ஏழு நிமிடத்தால் ஒரு பயனும் இல்லை என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது புறநகரில் வீடு தேடும் நண்பர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். எத்தனை சதுர அடி, தண்ணீர் எப்படி, ஸ்டேஷன் பக்கமா என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். நான் அவர்களிடம் முதலில் கேட்பது, உங்கள் வீட்டில் ரொம்ப மெதுவாக நடப்பவர் யார் என்று. அந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், வாசலில் இறக்கிவிட்டு, அவரோடு நடந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள் என்கிறேன். பதினாறு வருடம் இந்த வீட்டில் வாழ்ந்து நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி இந்த ஒன்றுதான்.

அதற்கு முன்பு சைதாப்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, அடுத்தடுத்து இரண்டு அறை, அவ்வளவுதான் வீடு. அடுப்படியில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. ஆனால் மாமா (என் மாமனார்) காலையில் ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினால் மார்க்கெட், காரணீசுவரர் கோயில், டீக்கடை, பேப்பர் படிக்கிற இடம் எல்லாம் முடித்துக்கொண்டு பத்து மணிக்குத் திரும்புவார். அத்தைக்குக் கீரைக்காரம்மாவிடம் அரை மணி நேரம் பேச்சு. பையன் கடைக்கு ஓடுவான். யாரும் யாரிடமும் "கொஞ்சம் கொண்டுபோய் விடேன்" என்று கேட்டதே கிடையாது. அதை ஒரு வசதி என்று நாங்கள் எண்ணவில்லை. காற்று மாதிரி இருந்தது. அதனால் புது வீடு பார்க்கும்போது அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

சிட்லபாக்கம் வீடு எங்களை மயக்கியது உண்மை. அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை. 1997-ல் கட்டிய தரைத்தள வீடு. இரண்டு படுக்கையறை, ஒரு நீள ஹால், பின்னால் துணி துவைக்கிற கல், ஒரு உறைக்கிணறு, ஒரு தென்னை. முன்பக்கம் வேம்பு. அத்தை கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, வாளியில் ஒரு கை தண்ணீர் எடுத்து வாயில் வைத்து, "உப்பு இல்லடி" என்றார். அந்த நிமிடமே முடிவாகிவிட்டது.

பத்திர விஷயங்களை இங்கே விரிவாக எழுதப் போவதில்லை. தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி, இவற்றை ஒரு நல்ல வக்கீல் பார்த்துச் சொல்வார். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அங்கீகாரமில்லாத மனை என்றால், 2017-ல் வந்த விதிகளின்படி அதை வரன்முறைப்படுத்தியிருக்கிறார்களா என்று தனியாகக் கேளுங்கள். வக்கீல் சாதாரணமாகப் பார்க்காத இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, அந்த சர்வே எண்ணுக்கும் அக்கம்பக்கத்து எண்களுக்கும் அ-பதிவேட்டை (எந்த எண் என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கும் வருவாய்த்துறைப் பதிவேடு) எடுத்துப் பாருங்கள். ஓடை, வாய்க்கால், ஏரி என்று பக்கத்தில் எங்கே எழுதியிருக்கிறதோ, மழைத் தண்ணீருக்கு அந்த வழி ஞாபகம் இருக்கும். இன்னொன்று, மனைப்பிரிவு (லேஅவுட்) வரைபடத்தில் 'பூங்கா' என்று போட்டிருக்கிற இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட வேண்டும். அதைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்திருக்க வேண்டும். எங்கள் வரைபடத்தில் பச்சை வண்ணத்தில் அழகாக ஒரு பூங்கா இருந்தது. நேரில் போனால் கருவேல முள்ளும் இடித்த வீட்டுக் கற்களும் கிடந்தன. குடிவந்து ஐந்து மாதம் கழித்துத்தான் அதைப் பார்த்தோம்.

குடிவந்த முதல் வாரமே கணக்கு தப்பியது தெரிந்தது. காலையில் பையனை வேன் வரும் முனைக்குக் கொண்டுபோய் விட வேண்டும். அப்புறம் அத்தையின் முட்டிவலிக்கு மருந்து. மாவு மில். ரேஷன் கடை. சாயங்காலம் நான் எழும்பூரில் வேலை முடித்து, ரயிலில் இறங்கி, ஸ்டேஷன் வாசலில் போட்ட வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே யாராவது ஒருவருக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருக்கும். ஒரு மாதம் ஒரு நோட்டில் குறித்துப் பார்த்தேன். ஒரு நாளைக்குச் சராசரி ஐந்து தடவை. அதில் நாலு தடவை, போக வேண்டிய இடம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. இது தூரத்தால் வந்த கஷ்டம் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. நடக்க வழி இல்லை, நடுவில் உட்கார இடம் இல்லை, நிழல் இல்லை, இருட்டினால் விளக்கு இல்லை, நாய் துரத்தும். இருபது வயதுப் பையனுக்கு எட்டு நிமிடமாக இருக்கும் அதே 600 மீட்டர், முட்டிவலியோடு இருக்கும் அத்தைக்கு ஒரு பெரிய பயணம்.

மாமா பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு அப்போது 66 வயது. அவர் புகார் சொல்கிற ஆள் இல்லை. ஒரு சனிக்கிழமை காலை நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். மஞ்சள் பையைக் கையில் சுற்றிக்கொண்டு கேட்டைத் திறந்து வெளியே நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஒரு தண்ணி லாரி போனது. மறுபடி உள்ளே வந்து, செருப்பை அதே இடத்தில் ஜோடியாக வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "எங்க மாமா கிளம்பினீங்க?" என்றேன். "எங்கயும் இல்லம்மா, சும்மா" என்றார். பையைப் பழையபடி ஆணியில் மாட்டினார். சைதாப்பேட்டையில் தினமும் நாலு கிலோமீட்டர் நடந்தவர், இங்கே வந்த ஒரு வருடத்தில் வீட்டையும் கொல்லைப்புறத்தையும் விட்டு நகரவில்லை. சர்க்கரை ஏறியது. பேச்சு குறைந்தது. டாக்டர் "நடக்கணும்" என்று எழுதிக் கொடுத்தார். எங்கே நடப்பது?

அந்த ராத்திரி நானும் கணவரும் ரொம்ப நேரம் பேசினோம். விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தோம். பத்திரச் செலவு, கடன், பையன் படிப்பு, எதுவும் ஒத்துவரவில்லை. வீட்டை மாற்ற முடியாது, சுற்றி இருப்பதில் என்ன இருக்கிறது என்றாவது முதலில் தெரிந்துகொள்வோம் என்று முடிவு செய்தோம்.

அடுத்த இரண்டு மாதம் ஞாயிறுதோறும் வண்டியைத் தொடாமல் நடந்தேன். ஒரு வாரம் அத்தையோடு, ஒரு வாரம் மாமாவோடு, ஒரு வாரம் மூன்று வயது மகளோடு. வண்டியில் போகும்போது கண்ணில் படாதவை எல்லாம் தெரிந்தன. மெயின் ரோட்டுக்கு இணையாகப் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி ஒரு சந்து போகிறது. அதில் லாரி வராது, காலையில் சுவரின் நிழல் முழுதாக விழும். அந்தச் சந்திலேயே ஒரு அம்மா வாசலில் கீரைக்கட்டு வைத்து விற்கிறார். இஸ்திரி வண்டி போடுபவர் பத்து வருடமாக ஒரே மரத்தடியில் நிற்கிறார், ஊர்க் கதை முழுக்க அவருக்குத் தெரியும். ஒரு தையல் கடை. தினமும் நாலு பேப்பர் வாங்கி வெளியே போட்டு வைக்கிற ஒரு முடிதிருத்தும் கடை. இந்தக் கடைதான் மாமாவைக் காப்பாற்றியது என்று சொல்வேன். வீட்டிலிருந்து அங்கே போக அவருக்குப் பதினாலு நிமிடம். ஆனால் ஆறேழு நிமிடத்தில் ஒரு தடவை உட்கார வேண்டும்.

உட்கார இடம் கேட்டு நாங்கள் எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை. தையல் கடைக்காரரிடம் பேசினேன். அவர் கடை எதிரில், அவருடைய சொந்த இடத்திலேயே, ஒரு கருங்கல் பலகை போட்டுக்கொள்ளச் சம்மதித்தார். கல்லும் இரண்டு கால்களும் நாங்கள் வாங்கிக் கொடுத்தோம். ஒரு நாள் வேலை. மாமா மறுபடியும் மஞ்சள் பையை எடுக்க ஆரம்பித்தார். முதல் நாள் நான் இருபதடி பின்னால் அவருக்குத் தெரியாமல் நடந்து போனேன். கல்லில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, எழுந்து, போய்ப் பேப்பரை விரித்தார். நான் திரும்பி வந்து வாசல்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அதைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டிலும் ஒன்று செய்தோம். 2012-ல் காம்பவுண்டு சுவரில் விரிசல் விழுந்து, இடித்துக் கட்ட வேண்டி வந்தது. கணவர் சொன்னார்: "சுவத்த ரெண்டடி உள்ள தள்ளிக் கட்டுவோம்." தெருவை ஓரங்குலம்கூட எடுக்காமல், எங்கள் மனைக்குள்ளேயே, தெருவைப் பார்த்தபடி எட்டடி நீளத்துக்கு ஒரு திண்ணை கட்டினோம். மேலே வேம்பின் நிழல். உயரம் பதினெட்டு அங்குலம். அதற்குக் குறைந்தால் முட்டிவலிக்காரர்கள் எழுந்திருக்கச் சிரமப்படுவார்கள். ஓரத்தில் பிடித்து எழ ஒரு இரும்புக் கம்பி. பக்கத்து வீட்டுக்காரர் கவலைப்பட்டார்: கண்டவர்கள் வந்து உட்காருவார்களே, ராத்திரி குடிப்பார்களே என்று. ஒரு விளக்கு போட்டோம். பதின்மூன்று வருடத்தில் அப்படி ஒரே ஒரு தடவைதான் நடந்தது. எழுந்து போகச் சொன்னதும் போய்விட்டார்கள். மற்றபடி அங்கே உட்கார்ந்தவர்கள் எல்லாரும் பால் போடுபவர், கூரியர் பையன், ஸ்கூல் வேனுக்குக் காத்திருக்கும் அம்மாக்கள், ஐந்தாவது தெருவிலிருந்து கோயிலுக்குப் போகும் ஒரு பாட்டி. அத்தைக்குச் சைதாப்பேட்டையில் விட்டுவந்த பேச்சு இந்தத் திண்ணையில் திரும்பக் கிடைத்தது. வீட்டுக்கு நாங்கள் செய்த செலவுகளில், மாடுலர் கிச்சன் உட்பட, இந்த இரண்டடி நிலத்தை விட்டுக்கொடுத்ததுதான் அதிகம் பயன் தந்தது.

வீட்டுக்குள்ளும் சில மாற்றம் செய்தோம். வாசலில் ஏழரை அங்குல உயரத்தில் இருந்த படிகளை உடைத்து ஆறு அங்குலமாக்கி, ஒரு படி கூட்டி, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தோம். கேட்டின் அடிக்கட்டையை எடுத்தோம். வீட்டை விட்டு வெளியே போவதில் முதல் தடையே சொந்த வாசல்படிதான்.

பையன் படிப்பு விஷயத்திலும் இதே பாடம்தான். பெயர்பெற்ற ஒரு பள்ளியில் சேர்த்திருந்தோம், ஒன்பது கிலோமீட்டர். காலை ஆறேமுக்காலுக்கு வேன் ஏறினால் மாலை ஐந்தேகாலுக்குத்தான் இறங்குவான். சாப்பிட்டதும் தூங்கிவிடுவான். தெருவில் அவனுக்கு ஒரு நண்பன்கூட இல்லை. ஆறாம் வகுப்பில் பக்கத்திலிருந்த அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாற்றினோம். சொந்தக்காரர்கள் பலர் வருத்தப்பட்டார்கள். நாங்களும் பயந்தோம். ஆனால் அவனுக்கு ஒரு நாளில் இரண்டரை மணி நேரம் திரும்பக் கிடைத்தது. அந்த நேரத்தில் விளையாடினான், படித்தான், தாத்தாவுக்கு மருந்து வாங்கி வந்தான். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள் வந்தது. அதன்பிறகு எங்கள் வீட்டின் ஐந்து பயணங்களில் இரண்டு அவன் பொறுப்பு. மகளும் ஆறாம் வகுப்பிலிருந்து தனியாக நடந்தே போனாள். பள்ளியின் தரத்தைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தரத்தோடு அந்த வேன் நேரத்தையும் ஒரே தராசில் வையுங்கள்.

அடுத்தது தண்ணீர். சிட்லபாக்கம் என்றால் ஏரிதான் ஞாபகம் வர வேண்டும். ஒரு காலத்தில் எண்பது ஏக்கருக்கு மேல் இருந்த ஏரி, ஆக்கிரமிப்பால் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கியது. நாங்கள் வந்தபோது அதன் ஒரு பக்கம் குப்பை மேடு. ஆகாயத்தாமரை பச்சைக் கம்பளம் மாதிரி மூடியிருந்தது. வீடு பார்க்க வந்த அன்று புரோக்கர் எங்களை அந்தப் பக்கமாகக் கூட்டிப் போகவில்லை. இந்த ஏரியின் உபரி நீர் செம்பாக்கம் ஏரிக்குப் போய், ஒன்றிலிருந்து ஒன்றாகக் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சேர வேண்டும். நடுவில் எங்காவது அடைத்துக்கொண்டால் தண்ணீர் தெருவில் நிற்கும்.

2015 டிசம்பர் 1. விடாத மழை. மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். எங்கள் தெருவில் தொடையளவு தண்ணீர், ஹாலில் கணுக்கால் அளவு. 1997-ல் வீடு கட்டியவர் தெருவைவிட இரண்டரை அடி உயர்த்தித்தான் கட்டியிருந்தார். ஆனால் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே மூன்று முறை போட்டதில் தெரு உயர்ந்து, எங்கள் உயரம் ஒன்றேகால் அடியாகச் சுருங்கியிருந்தது. வீடு வாங்கும்போது நாங்கள் இதை அளக்கவில்லை. பழைய தோற்றமுள்ள வீடு என்றால் கேட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் உள்ள உயரத்தைப் பாருங்கள். கேட்டைத் திறக்க முடியாமல் அடியை வெட்டியிருக்கிறார்களா, கழிவுநீர்த் தொட்டி மூடி தெருவைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும், வீடுகள் தாழக் கூடாது என்று சுற்றறிக்கையே அனுப்பினார். உங்கள் தெருவில் தார் லாரி வந்து நின்றால், வேலை ஆரம்பிக்கும் முன்பே போய் அதைச் சொல்லிக் கேட்கலாம். நாங்கள் கேட்டோம். எங்கள் தெருவைச் சுரண்டித்தான் போட்டார்கள்.

அந்த வெள்ளத்தில் எங்களுக்கு உதவியது யார் என்று யோசித்துப் பார்க்கிறேன். மாடி வீட்டுக்காரர் ஒருவர் மாமாவையும் அத்தையையும் மூன்று நாள் வைத்துக்கொண்டார். அவரை எங்களுக்கு எப்படித் தெரியும்? திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், அவ்வளவுதான் பழக்கம்.

நாலு வருடத்திலேயே நேர்மாறு. 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கள் கிணற்றில் அடிமண் தெரிந்தது. பதிவு செய்த லாரிக்கு ஒன்பது நாள் காத்திருந்தோம். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. எங்கள் வீட்டிலும் ஒரு குழாய் இருந்தது. அதன் முனை மண்ணில் புதைந்து அடைத்துக் கிடந்தது. அந்தக் கோடையில் தொட்டி கட்டி, கூழாங்கல், கரி, மணல் போட்டு, மொட்டை மாடித் தண்ணீரை வடிகட்டி நேராகக் கிணற்றில் விட்டோம். ஒரு கணக்கு சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 930 லிட்டர். ஒரு நல்ல வடகிழக்குப் பருவமழை நாளில் ஐந்து சென்டிமீட்டர் சாதாரணம். ஆனால் முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும். பறவை எச்சம், தூசி எல்லாம் அதோடு போகட்டும். 2020 கோடையில் கிணறு வற்றவில்லை. இன்றுவரை வற்றவில்லை.

அதே 2019 கோடையில், ஏரி காய்ந்து கிடந்தபோது, ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். வார இறுதிகளில் குப்பை பொறுக்கினோம், மண் அள்ளினோம். என் பையனும் வந்தான். நூறு பேர் மண்வெட்டியால் ஒரு ஏரியைத் தூர்வார முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அத்தனை பேர் இறங்கியதைப் பலரும் பார்த்தார்கள். அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது, பெரிய இயந்திரங்கள் வந்தன, கரை பலப்பட்டது. இப்போது கரையில் நடைபாதை இருக்கிறது. காலையில் நாமக்கோழியும் நீர்க்காகமும் பார்க்கலாம். நான் இந்த ஊரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம் இதுதான். முள்ளாகக் கிடந்த பூங்கா இடத்துக்கும் அப்படித்தான். மனைப்பிரிவு வரைபடத்தின் நகலை இணைத்து, நாற்பது வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். இரண்டரை வருடம் ஆனது. ஊஞ்சல் வந்தபோது என் மகளுக்கு அதில் ஆடும் வயது தாண்டிவிட்டது. பரவாயில்லை, தெருவில் வேறு குழந்தைகள் இருக்கிறார்கள். வரைபட நகல் இல்லாமல் அந்த மனுவுக்கு எடை இருந்திருக்காது. வீடு வாங்கும்போதே அதை வாங்கி பீரோவில் வையுங்கள்.

சுற்றி உள்ள பெரிய வசதிகளையும் சொல்லிவிடுகிறேன். பீச்–தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் வந்தது. இந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவை. சானடோரியம் என்று ஸ்டேஷனுக்குப் பெயர் வரக் காரணமான காசநோய் மருத்துவமனை 1928-ல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கியது. 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அங்கேதான். அத்தையின் முட்டிக்கு அங்கே வெளிநோயாளியாக ரொம்ப நாள் போனோம், காலையில் சீக்கிரம் போய்விட வேண்டும். அவசரத்துக்குக் குரோம்பேட்டை அரசு மருத்துவமனை. 2021-ல் சிட்லபாக்கம் பேரூராட்சி, தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. இதெல்லாம் விளம்பரங்களில் எழுதும் வசதிகள். தேவைதான். ஆனால் இவற்றுக்கு நாம் போவது மாதம் ஒருமுறையோ வருடம் ஒருமுறையோ. தினமும் போகிற கீரைக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் எந்த விளம்பரத்திலும் இடம் இல்லை.

அதனால் வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள். ஞாயிறு காலை மட்டும் போகாதீர்கள். வேலை நாளில் எட்டு மணிக்கு ஒருமுறை போங்கள், ஸ்கூல் வேனும் தண்ணி லாரியும் அந்தத் தெருவில் எப்படி மோதிக்கொள்கின்றன என்று தெரியும். இருட்டிய பிறகு எட்டு மணிக்கு ஒருமுறை, பெண் ஒருத்தி தனியாக ஸ்டேஷனிலிருந்து நடந்து வர முடியுமா என்று பார்ப்பதற்காக. பெருமழை பெய்த மறுநாள் கட்டாயம். முடிந்தால் மே மாதத்தில் ஒருமுறை. 2015-ல் தண்ணீர் எங்கே வரை வந்தது என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். பால்காரரிடம், இஸ்திரி போடுபவரிடம், ஆட்டோ ஸ்டாண்டில் கேளுங்கள். பழைய சுவர்களில் கறைக்கோடு இன்னும் இருக்கும். கழிவுநீர் லாரி வருடத்தில் எத்தனை முறை வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். மாதாமாதம் என்றால் நிலத்தடி நீர் தொட்டிக்குள் ஊறி வருகிறது என்று அர்த்தம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மாமாவுக்கு இப்போது 82. ஏரிக்கரைக்கு அவர் போக 25 நிமிடம், நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்வார். மஞ்சள் பை கூடவே போகும். அத்தை திண்ணைக்கும் கீரைக்கடைக்கும் கோயிலுக்கும் தனியாகப் போகிறார். ஆனால் மெயின் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கக் காய்கறிக் கடைகளுக்குப் போக இன்றும் அவரால் முடியவில்லை. நடைபாதை துண்டு துண்டாக இருக்கிறது, வண்டிகள் நிற்பதில்லை. சிக்னலோ வேகத்தடையோ கேட்டு மூன்று மனு கொடுத்திருக்கிறோம். நாலாவதை இந்த மாதம் எழுதுகிறேன். அதுவரை செவ்வாயும் சனியும் நானோ மகளோ கூடப் போகிறோம். காலை ஆறரைக்குள் கிளம்பிவிட்டால் வண்டி குறைவு, கத்திரிக்காயும் அப்போதுதான் புதிதாக வந்து இறங்கியிருக்கும்.